லிகித ஜபம்: ஒரு நாமத்தை எழுதி வந்தோர் வரலாறு

கடல் கடந்து வந்த தமிழர் ஊருக்கு எழுதிய பழைய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், தாளின் தலையில் பெரும்பாலும் ஒரு தெய்வ அடையாளம் இருக்கும். ஒருவர் பிள்ளையார் சுழி போட்டிருப்பார். யாழ்ப்பாணத்தவர் ‘சிவமயம்’ என்று எழுதியிருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்தவர் பலர் ‘ஸ்ரீ ராமஜெயம்’ என்று தொடங்கியிருப்பர். அதன் பிறகுதான் நலம் விசாரிப்பு, பணம் அனுப்பிய விவரம், மாட்டுக்கும் நிலத்துக்கும் ஆன செய்தி எல்லாம் வரும். தாளின் தலையில் ஒருமுறை மட்டும் எழுதப்பட்ட அந்தச் சொல்லையே தாள் முழுவதும், நாள்தோறும், ஆண்டுக்கணக்காக எழுதி வந்தவர்களும் உண்டு. அவர்கள் செய்தது லிகித ஜபம். லிகிதம் என்றால் எழுத்து. வாயால் உருப்போடுவதைக் கையால் செய்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

எழுதப்பட்ட நாமத்துக்கு நம் சமயத்தில் எத்தனை பழைய மதிப்பு இருக்கிறது என்று தேடினால் வால்மீகி இராமாயணத்துக்கே போக வேண்டும். கிட்கிந்தையில் அனுமனைத் தெற்கே அனுப்பும்போது இராமபிரான் தன் பெயர் பொறித்த மோதிரத்தைக் கொடுத்தனுப்புகிறார். அசோகவனத்தில் சீதாபிராட்டி அனுமனை முதலில் நம்பவில்லை. இராவணனே வேறு உருவில் வந்திருக்கிறானோ என்று ஐயுறுகிறாள். அந்த ஐயம் முற்றும் தீர, நாமம் பொறித்த மோதிரத்தை அனுமன் கொடுக்கிறான். அதைக் கையில் வாங்கியதும் அவள் கணவனையே அடைந்தவள் போல மகிழ்ந்தாள் என்பது காவியம். சேதுபந்தனத்தின்போது கல்லில் ராமநாமத்தை எழுதிக் கடலில் இட, கல் மிதந்தது என்ற கதையைத்தான் நம் குழந்தைகள் அதிகம் அறிவர். ஆனால் அது வால்மீகியில் இல்லை. அங்கே அணை கட்டுவது விசுவகர்மாவின் மகனாகிய நளனின் திறமை. கல்லில் எழுதிய கதை பின்னாளில் பக்தர்கள் நடுவே வளர்ந்தது. கதை பிற்காலத்தது என்பதால் அதன் சுவை குறைந்துவிடாது. ஆயினும் மூலநூலிலேயே இருக்கும் மோதிரத்தை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு குறைதான்.

காவிரிக்கரையில் நாம சித்தாந்தம் தழைத்த காலத்தில் நாமம் பெரும்பாலும் நாவிலேயே இருந்தது. காஞ்சி காமகோடி பீடத்தின் 59-ஆவது ஆசாரியராகப் போற்றப்படும் போதேந்திர சரஸ்வதி சுவாமிகள் கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் தங்கி, கலியுகத்துக்கு நாமமே போதும் என்று நிலைநாட்டினார். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளும் அவரோடு சேர்த்துப் போற்றப்படுகின்றனர். இன்றும் பஜனை மடங்களில் தோடயமங்களத்துக்குப் பின் இம்மூவரையும் வணங்கியே பாடுகிறார்கள். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் (1767-1847) ராமநாமத்தை 96 கோடி முறை ஜபித்தார் என்பது வழிவழிச் செய்தி. நாளொன்றுக்கு 1,25,000 வீதம் 21 ஆண்டுகள் என்று அதற்குக் கணக்கும் சொல்வர். பெருக்கிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. ஆனால் ஒரு நாளில் இருப்பது 86,400 விநாடிகளே. உஞ்சவிருத்திக்கும் பூஜைக்கும் உறக்கத்துக்கும் போக, விநாடிக்கு ஒன்றுக்கு மேல் எப்படி என்று பள்ளிப்பிள்ளை ஒருவன் கேட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமம் அவருடைய மூச்சோடு கலந்திருந்தது என்பதை எண்ணிக்கையில் சொல்லப்போனால் இப்படித்தான் வரும்.

நாவில் இருந்த நாமம் ஏராளமானவர் கைக்கு வருவதற்குக் காகிதம் மலிவாக வேண்டியிருந்தது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவது பயின்ற கையின் வேலை. ஓலையைப் பதப்படுத்த வேண்டும். எழுத்துத் தெரிய மை தடவ வேண்டும். அழுத்திக் கீறினால் ஓலை கிழியும். அதில் ஒரே சொல்லை லட்சம் முறை எழுதுவது வீட்டுப் பெண்களுக்கோ பள்ளிச் சிறுவர்க்கோ இயலும் காரியம் அன்று. கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கடையில் கிடைத்த பின்னரே லிகித ஜபம் எல்லார்க்கும் உரிய நோன்பாயிற்று என்று கொள்ளலாம்.

ஆந்திர நாட்டில் இதற்கு ராமகோடி என்று பெயர். கட்டம் போட்டு அச்சிட்ட ராமகோடி நோட்டுப் புத்தகங்கள் அங்கே கோயில் வாசல் கடைகளில் தேங்காய் பழத்தோடு விற்கின்றன. எழுதி முடித்ததைப் பத்ராசலம் ஸ்ரீராமர் சந்நிதிக்குக் கொண்டுபோய்ச் சமர்ப்பிப்பது வழக்கம். கோல்கொண்டா சுல்தான் ஆட்சியில் வரிப்பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டதற்காகச் சிறையிருந்த கஞ்சர்ல கோபண்ணா என்னும் பத்ராசல ராமதாசர் கட்டிய கோயில் அது. தமிழ்நாட்டில் ‘ஸ்ரீ ராமஜெயம்’ என்பதே எழுதப்படும் சொல். தாளில் எழுதி, சுருட்டி, மாலையாகக் கோத்து ஆஞ்சநேயருக்குச் சாற்றுவதை வடைமாலையோடு சேர்த்துப் பலரும் பார்த்திருப்பர். பரீட்சைக் காலத்தில் அந்த மாலையின் நீளம் கூடுவதும் கோயில் பட்டர்களுக்குத் தெரிந்த விஷயம்.

கோடி என்பது எத்தனை பெரிய எண் என்பதை எழுத உட்கார்ந்தவர்தான் அறிவார். நிதானமாக எழுதுகிற ஒருவர் அரை மணி நேரத்தில் ‘ஸ்ரீ ராமஜெயம்’ என்பதைச் சுமார் 250 முறை எழுதலாம். ஒரு நாளும் தவறாமல் எழுதினால் 400 நாளில் லட்சம் முடியும். கோடி முடிய 40,000 நாள், அதாவது 109 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே கோடி என்பது தனி மனிதர் கணக்கு அன்று. ஒரு குடும்பமோ, ஓர் ஊரோ, ஒரு கோயில் சபையோ சேர்ந்து எடுக்கும் கணக்கு. நூறு பேர் கூடி எழுதினால் அதே கோடி 400 நாளில் முடிந்துவிடும்.

காசியில் இந்தக் கணக்கையே ஒரு வங்கியாக்கி வைத்திருக்கிறார்கள். திரிபுர பைரவி சந்தில், 1926-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட ராம் ராமாபதி வங்கியில் பணம் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வேண்டுதல் உள்ளவர் அங்கே ராமநாமத்தைக் ‘கடன்’ வாங்குகிறார். தாளும், மரக்குச்சிப் பேனாவும், சிவப்பு மையும் வங்கியே கொடுக்கிறது. நாளொன்றுக்கு 500 வீதம் 250 நாள், அதாவது 8 மாதமும் 10 நாளும் எழுதி 1,25,000 நாமங்களைத் திருப்பிச் செலுத்த வேண்டும். எழுதும் நேரம் விடியற்காலை. அந்த நாட்களில் புலால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் ஆகாது. திரும்பி வந்த தாள்களைச் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ராமநவமியை ஒட்டி மக்கள் வந்து அந்த மூட்டைகளை வலம் வருகின்றனர். கடன், தவணை, வசூல் என்ற சொற்களைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். ஆனால் வீட்டுக் கடனுக்கு மாதந்தோறும் தவறாமல் கட்டுகிறவர் ஜபத்துக்கு மட்டும் ‘நேரம் இல்லை’ என்று சொல்லும் உலகில், அதைத் தொடங்கியவர்கள் மனித சுபாவம் அறிந்தவர்களே.

இந்த வரலாற்றில் பலரும் அறியாத, அறிய வேண்டிய பகுதி ஒன்று மத்திய இந்தியாவில் நிகழ்ந்தது. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில், சார்பாரா என்னும் சிற்றூரில், பரசுராம் என்பவர் 1890-களில் ஒரு பக்தர் கூட்டத்தைத் தோற்றுவித்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அம்மக்களுக்குக் கோயிலுக்குள் இடம் இல்லை. மூர்த்தியைக் காண வழியில்லை. தேர் வடத்தைத் தொட உரிமையில்லை. அவர்கள் நாமத்தை எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் அல்ல, தங்கள் உடம்பில். நெற்றியிலும், கன்னத்திலும், மார்பிலும், கைகால்களிலும் ‘ராம்’ என்று பச்சை குத்திக்கொண்டார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை இடமின்றிக் குத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். உடுத்தும் வெள்ளைப் போர்வையிலும் அதே நாமம். தலையில் மயிற்பீலி முடி, கையில் சலங்கை. இவர்களுக்கு ராமநாமிகள் என்று பெயர் வந்தது. இவர்கள் வணங்கும் ராமன் உருவமில்லாத பரம்பொருள். துளசிதாசரின் ராமசரிதமானஸைப் பாடுவார்கள். ஆனால் குலப்பெருமை பேசும் இடங்களை விடுத்துத் தங்களுக்கு ஏற்றவற்றையே தேர்ந்து பாடுவார்கள். ஆண்டுக்கொரு முறை மகாநதிப் பக்கத்து ஊர்களில் கூடிப் பஜனை மேளா நடத்துகிறார்கள்.

கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர், உள்ளே இருந்த சுவாமியின் பெயரைத் தம் தோலில் எழுதிக்கொண்டு திரும்பியபோது, அதை யாரும் அழிக்க முடியவில்லை. கோயில் கட்டி வாழ்கிற எந்தச் சமூகமும் இச்செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும். இன்று அவர்களுடைய இளைய தலைமுறையினர் படிப்பையும் வேலையையும் கருதி முகமெல்லாம் குத்திக்கொள்வதில்லை. கையில் ஓரிடத்தில் சிறிதாக எழுதிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர். முழு உடம்பிலும் நாமம் தாங்கியவர்கள் இப்போது முதியவர்களே.

லிகித ஜபத்தை நாட்குறிப்போடு இணைத்து, அன்றாடச் சாதனையாக உலகெங்கும் பரப்பியவர் ஒரு தமிழர். புலம்பெயர்ந்த தமிழரின் துயரை மருத்துவராகக் கண்டவரும் அவரே. திருநெல்வேலிச் சீமையில், கோரைப்பாய்க்குப் பெயர்போன பத்தமடையில், அப்பைய தீட்சிதர் மரபில், 1887 செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். படிக்கும் காலம் தொட்டே எழுத்தில் ஆர்வம். ‘அம்புரோசியா’ என்ற பெயரில் மருத்துவ இதழ் ஒன்றை நடத்தினார். 1913-இல் கப்பலேறி மலாயா சென்று, சிரம்பானுக்கு அருகே ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பின்னர் ஜொகூரில் பணியாற்றினார். மொத்தம் ஏறக்குறைய 10 ஆண்டுகள்.

அக்காலத் தோட்ட வாழ்க்கையைத் தாத்தா பாட்டி வழியாகக் கேட்டவர்களுக்கு அந்த மருத்துவமனையில் யார் வந்து படுத்திருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. மலேரியாக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண், ஊர் நினைப்பு. இல்லாதவர்க்கு இலவசமாக மருந்து கொடுத்ததோடு, கைச்செலவுக்கும் பணம் கொடுத்தனுப்பியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். அங்கே ஒரு சாது நோயுற்றபோது குப்புசாமி மருத்துவம் பார்த்தார். அவர் கொடுத்த ‘ஜீவ பிரம்ம ஐக்கியம்’ என்ற நூல் மருத்துவரின் மனத்தைத் திருப்பியது. உடம்பின் நோயை மருந்தால் தீர்க்கலாம், அதன் பிறகு என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. 1923-இல் நல்ல சம்பளத்தை விட்டு இந்தியா திரும்பினார். காசி, நாசிக், பண்டரிபுரம் எனச் சுற்றி ரிஷிகேசம் அடைந்து, 1924 ஜூன் முதல் நாள் விசுவானந்த சரஸ்வதி சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று சுவாமி சிவானந்தர் ஆனார். சந்நியாசம் பெற்ற பின்னும் மருந்துப்பையை அவர் கீழே வைக்கவில்லை. 1927-இல் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது லட்சுமண் ஜூலாவில் யாத்திரிகர்க்கு இலவச மருத்துவசாலை தொடங்கினார். தெய்வநெறிக் கழகம் 1936-இல் தோன்றியது.

சிவானந்தர் லிகித ஜபத்துக்குச் சொன்ன விதிகளைப் படித்தால் மருந்துச் சீட்டுப் படிப்பது போலவே இருக்கும். ஒரு மந்திரத்தைத் தேர்ந்துகொள். அதையே பற்றிக்கொள், மாற்றாதே. தினம் அரை மணி நேரமாவது எழுது. குளித்துவிட்டு, முடியாவிட்டால் கை கால் முகமாவது கழுவிவிட்டு உட்கார். ஒரே ஆசனத்தில் இரு. முடியும் வரை எழாதே. பேசாதே; கண்ணை நோட்டுப் புத்தகத்தை விட்டு எடுக்காதே. கை எழுதும்போது மனம் அதே மந்திரத்தைச் சொல்லட்டும். எழுதும் முறையில் ஓர் ஒழுங்கு வை. ஒரு மந்திரத்தை முழுதாக எழுதி முடித்து அடுத்ததற்குப் போ. புத்தகம் நிறைந்ததும் பூஜை அறையில் சுவாமி பக்கத்தில் வை. எந்த மொழி எழுத்திலும் எழுதலாம். அவர் சொன்ன காரணமும் எளியது. வாயால் ஜபிக்கும்போது மனம் கடைத்தெருவுக்குப் போய்வர முடிகிறது. எழுதும்போது கண்ணும் கையும் மனமும் ஒரே இடத்தில் கட்டப்படுகின்றன.

கட்டப்பட்டாலும் மனம் ஏமாற்றும் என்பதும் அவருக்குத் தெரியும். பக்கம் பக்கமாக ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை மட்டும் முதலில் வரிசையாக எழுதிவிட்டு, பிறகு ‘ராம’, பிறகு ‘ஜெயம்’ என்று நிரப்பும் தந்திரத்தைப் பள்ளியில் தண்டனையாக எழுதிய பிள்ளைகள் நன்கு அறிவர். மந்திரத்தை முழுதாக எழுது என்ற விதி அந்தத் தந்திரத்துக்குப் போட்ட பூட்டு. ஆனால் விதி கையைத்தான் கட்டும். ஆயிரம் எழுதி முடித்து எழுந்தவர் அடுத்த கணம் மருமகளிடம் கடுஞ்சொல் சொன்னால் அந்த ஆயிரம் எங்கே போயிற்று? இதற்காகவே அவர் ஆன்மிக நாட்குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

அது வெற்றுப் பக்கங்கள் கொண்ட நாட்குறிப்பு அன்று. மாதத்துக்கு ஒரு தாள், நாள்களுக்குக் கட்டங்கள், இடப்பக்கம் கேள்விகள். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மாலை ஜபம்? எத்தனை மந்திரம் எழுதினாய்? இவையெல்லாம் மகிழ்ச்சியோடு நிரப்பக்கூடிய கட்டங்கள். அதே தாளில் கீழே வேறு கேள்விகளும் இருந்தன. எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே கொடுத்துக்கொண்ட தண்டனை என்ன? எத்தனை முறை கோபம் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது? வீண்பேச்சில் கழிந்த நேரம் எவ்வளவு? மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மாதம் முடிந்ததும் பிரதி ஒன்றை ரிஷிகேசத்துக்கு அனுப்ப வேண்டும்; மேற்கொண்டு செய்ய வேண்டியது தபாலில் வரும். வெப்பநிலையும் நாடியும் குறித்த படுக்கைத் தலைமாட்டுத் தாளை நாள்தோறும் பார்த்துப் பழகிய மருத்துவரின் கைவண்ணம் இதில் தெரிகிறது. எழுதிய மந்திரத்தின் எண்ணிக்கையும் சொன்ன பொய்யின் எண்ணிக்கையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக இருக்கும்போது, முதல் எண்ணைக் கண்டு பெருமை கொள்வது கடினம்.

1950-இல் சிவானந்தர் இந்தியா முழுவதும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். மலாயாவுக்கு அவர் விதைத்தது சீடர்கள் வழியாக வளர்ந்து, பத்துமலையில் சிவானந்தாசிரமமாக நிற்கிறது. ரிஷிகேச ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய அகண்ட நாம சங்கீர்த்தனம் இன்றளவும் இரவும் பகலும் நிற்காமல் நடந்து வருகிறது. சுவாமிகள் 1963 ஜூலை 14-ஆம் நாள் மகாசமாதி அடைந்தார். அதே மாதம் 25-ஆம் நாள், ராமநாமம் ஒன்றையே வாழ்வாகக் கொண்டிருந்த காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்து சுவாமி ராமதாசரும் மறைந்தார்.

எந்த எழுத்திலும் எழுதலாம் என்ற விதி வேற்று நாட்டில் வாழ்வோருக்குத் தனிப் பொருள் உடையது. தமிழ் பேசும், ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். தேவாரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விழிக்கிறார்கள். அவர்கள் தங்கள் பள்ளி எழுத்திலேயே ‘சிவாயநம’ என்றோ ‘சரவணபவ’ என்றோ எழுதலாம், ஜபத்துக்குக் குறைவில்லை. சைவர்கள் ராமநாமம்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. அவரவர் இஷ்டமந்திரமே அவரவர்க்கு. எனினும் ஓர் ஐந்தெழுத்தை மட்டும் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்து, அதையே நோட்டில் எழுத வைத்தால், ஜபத்தோடு சேர்த்துத் தமிழெழுத்து ஐந்தும் கைக்கு வரும். சில வீடுகளில் பாட்டிமார் இப்படித்தான் எழுத்துப் பழக்கத்தைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். ‘சி’ வளைவதற்கே ஒரு வாரம் ஆகும். ‘வா’ சீக்கிரம் வந்துவிடும்.

நிறைந்த புத்தகங்களை என்ன செய்வது என்பதில் மரபு ஒன்றாக இல்லை. சிவானந்தர் பூஜை அறையில் வைக்கச் சொன்னார். ஆந்திரத்தில் ராமகோடித் தூபி கட்டி அதனுள் அடக்கம் செய்வதுண்டு. ஓடும் ஆற்றில் விடுவது முற்கால வழக்கம். வெளிநாட்டு ஆறுகளில் காகிதம் விடுவது அவ்விடத்துச் சட்டத்துக்கும் ஒவ்வாது, ஆற்றுக்கும் நல்லதன்று. புதிதாகக் கோயில் எழுப்பும்போது பீடத்தின் கீழோ அஸ்திவாரத்திலோ வைப்பதுண்டு. அப்படி வைக்கும் கட்டுகளில் முத்துக் கோத்தாற்போன்ற பழைய கையெழுத்தும், கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடும் பிள்ளைக் கையெழுத்தும், மை தீர்ந்து பாதியில் நிறம் மாறிய பக்கமும், நாலு பக்கத்தோடு நின்றுபோன நோட்டுங்கூட ஒன்றாகவே கிடக்கும். கட்டும்போது யாரும் அவற்றைப் பிரித்து எண்ணுவதில்லை.